காற்றை இறக்குங்கோ தம்பி

2023 ஆனி மாதம். சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, வீசுகிற காலத்தில் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்குக் கரை மணல் எப்படி இருக்குமென்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கையில் அள்ளினால் விரலிடுக்கால் தண்ணீர் போல ஓடிவிடும். கட்டைக்காட்டைத் தாண்டி, கரைவலை இழுக்கிறவர்களின் கொட்டில்களான வாடிகளுக்குப் போகிற உழவு இயந்திரத் தடத்தில் நூறு அடிதான் இறங்கியிருப்பேன், வாகனம் நின்றுவிட்டது. எல்4 (நான்கு சில்லும் இழுக்கிற, மெதுவான பல்லு) போட்டு மிதித்தேன். நான்கு சில்லும் சுற்றின. வண்டி முன்னுக்குப் போகாமல் கீழே போனது. இறங்கிப் பார்த்தால் பின் டிபறன்சல் குண்டு (அச்சின் நடுவில், சுழற்சியை இரண்டு சில்லுக்கும் பிரிக்கிற பல்லுப் பெட்டி) மணலில் குந்திக்கொண்டிருக்கிறது. உள்ளே மச்சானும் இரண்டு பிள்ளைகளும். நேரம் காலை பதினொன்றரை.

வாடியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வள்ளம் இழுக்கிற உழவு இயந்திரம் அவருடையது. அதைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. குனிந்து ரயரைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார்.

"இதுக்குள்ள எத்தினை இறாத்தல் கிடக்கு?"

"முப்பத்தஞ்சு ஐயா." இறாத்தல் என்பது ரயர்க் காற்றின் அழுத்தம், பிஎஸ்ஐ.

"தார் ரோட்டுக் காத்தோட மணலுக்க இறங்கினா வேறென்ன நடக்கும்? காத்தை இறக்குங்கோ தம்பி."

வண்டித் திறப்பின் நுனியால் வால்வை அமத்திப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சில்லாகக் காற்றை விட்டோம். அளக்கிற கருவி என்னிடம் இல்லை. ரயரின் பக்கம் கொஞ்சம் வயிறு தள்ளும்வரை விடச் சொன்னார். பிறகு சில்லுகளுக்குப் பின்னால் இருந்த மணலைக் கையாலும் ஒரு பலகைத் துண்டாலும் வழித்தோம். "முன்னுக்குப் போக வேண்டாம். வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுங்கோ. மிதிக்காதேங்கோ, மெல்ல விடுங்கோ" என்றார். எடுத்தேன். உழவு இயந்திரம் வரவேயில்லை. வண்டி தானாக மேலே ஏறி வந்தது.

அந்த நாளுக்கு முன் இந்த வண்டியை மணலுக்கும் சேற்றுக்கும் ஏற்றதாக்க மூன்றரை லட்சம் ரூபாய் செலவழித்திருந்தேன். அதில் ஒரு சதமும் அன்றைக்கு எனக்கு உதவவில்லை. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம். எங்கள் பகுதியில் இப்போது நிறையப் பெடியள் கப் வாகனங்களை (பின்னுக்குத் திறந்த பெட்டியுள்ள பிக்கப்) உயர்த்துகிறார்கள், பெரிய ரயர் போடுகிறார்கள். அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் எடுத்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் கராச்சுக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். நான் பார்த்த வீடியோக்களில் இருந்த நிலம் பாறையும் மலையும். எங்களிடம் இருப்பவை மணல், களப்புச் சேறு, உப்பு மூன்றும்தான். இந்த மூன்றுக்கும் தேவையான வேலை வேறு.

என்னுடைய வண்டி 2010 ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ் விகோ, 2.5 லீற்றர் டீசல், இரட்டைக் கப். எனக்கு வோட்டர் பம் பூட்டுகிற, திருத்துகிற வேலை. கிழமை நாட்களில் பின்பெட்டியில் பம், குழாய், கேபிள் எல்லாம் ஏறும். பூநகரி வயல்கள், மருதங்கேணிப் பக்கம், சில நேரம் பரந்தனுக்கு அப்பாலும் போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வண்டியில் பிள்ளைகளோடு மணற்காட்டு மணற்திட்டிகளுக்கோ, சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிக் கௌதாரிமுனைக்கோ போவது வழக்கம். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தியபின் புது வண்டி என்பது நினைக்கவே முடியாத விலைக்குப் போய்விட்டது. இருப்பதைத்தான் நல்லதாக்க வேண்டும் என்று தொடங்கினேன்.

முதல் வேலையே பிழையாய்ப் போனது. ஒரு கடையில் மூன்று அங்குலம் உயர்த்தித் தருவதாகச் சொன்னார்கள். முன்பக்கம் சுருள் ஸ்பிறிங்குக்கு மேலே தடித்த வளையம் வைத்தார்கள். பின்பக்கம் அச்சுக்கும் வில்லுத் தகட்டுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தார்கள். ஒரே நாளில் வேலை முடிந்தது. வண்டி பார்க்க நல்ல எடுப்பாக இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்டிகளுக்கு முன்சில்லு ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலும் கீழும் அசையும். சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு நடுவிலிருக்கிற டிபறன்சலிலிருந்து இரண்டு பக்கமும் போகும். வண்டியை உயர்த்தினால் டிபறன்சலும் சசியோடு (வண்டியின் அடிச்சட்டம்) மேலே போகும், சில்லு கீழேதான் நிற்கும். தண்டு சரிந்துவிடும். அந்தச் சரிவில் சுற்றச் சுற்ற அதன் நுனியில் இருக்கிற றப்பர் உறை மடிப்பு மடிப்பாக உரசும். நான்கு மாதத்தில் இடப்பக்க உறை கிழிந்து, சில்லின் உட்புறமெல்லாம் கிறீஸ் தெறித்துக் கிடந்தது. கிழிந்த வாயால் மணல் உள்ளே போய்விட்டால் பிறகு ஜொயின்ற்றையே மாற்ற வேண்டியதுதான். முன் ரயர்களின் உள்விளிம்பும் தேய்ந்துபோனது. ஏ9 வீதியில் எண்பதில் போனால் ஸ்ரேறிங் இரண்டு பக்கமும் மிதந்தது.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து பின்பக்கத்தில் இருந்தது. ஆறு பம்மை ஏற்றிக்கொண்டு இயக்கச்சிக்குக் கிட்ட வரும்போது ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். மூக்குத்தான் குத்தியது, பின்பக்கம் பிடிக்கவேயில்லை என்பது காலுக்குத் தெரிந்தது. மாட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்தான் மிஞ்சியது.

எங்கள் ஊர்க் கராச் அண்ணையிடம் கொண்டுபோனேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில், மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த தலைமுறை அவர். நாலு சொட்டுப் பெற்றோலை ஊற்றி ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய காலம் அது. ஒரு துண்டை மாற்றினால் அது வேறு எந்தத் துண்டைத் தொடும் என்றுதான் அவர் முதலில் பார்ப்பார். வண்டிக்குக் கீழே பத்து நிமிடம் படுத்திருந்துவிட்டு, வெளியே வந்து ஒரு கம்பியைக் காட்டினார். பின் அச்சையும், சசியில் பூட்டியிருக்கிற ஒரு சின்ன வால்வையும் தொடுக்கிற கம்பி. சுமை ஏறினால் வண்டியின் பின்பக்கம் தாழும். அப்போது அந்தக் கம்பி வால்வைத் தள்ளும். பின் பிரேக்குக்குப் போகிற எண்ணெய் அழுத்தம் கூடும். வெறும் வண்டியென்றால் அழுத்தம் குறையும், பின்சில்லு பூட்டிக்கொண்டு வழுக்காது.

"நீர் வண்டியை உயத்தினீர். வால்வுக்கு அது தெரியுமே? பெட்டி வெறுமை எண்டுதான் அது நினைச்சுக்கொண்டிருக்கு" என்றார்.

இது எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி இராது. சக்கரம் பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் அமைப்பு வேறாக இருக்கும். உங்கள் வண்டியை உயர்த்தியிருந்தால், பின் அச்சுக்கு மேலே அப்படியொரு கம்பி இருக்கிறதா என்று கையில் லைற்றோடு படுத்துப் பாருங்கள். இருந்தால், உயர்த்திய அளவுக்கு அந்த வால்வின் பிடியையும் இறக்கிப் பூட்ட வேண்டும். பிரேக் எண்ணெய் போகிற றப்பர் குழாய், சில்லு முழுதாகத் தொங்கும்போது இழுபடுகிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

வளையங்களையும் கட்டைகளையும் கழற்றி எறிந்தோம். முன்னுக்கு நாற்பது மில்லிமீற்றர் மட்டும் உயர்த்துகிற சுருள் ஸ்பிறிங்கும், அதற்குப் பொருந்துகிற சொக்கும் (அதிர்வு தாங்கி) போட்டோம். பின்னுக்கு, நான் எப்போதும் சுமையோடு போகிறவன் என்பதால், வில்லில் ஒரு தகடு கூட்டினோம். பெட்டி வெறுமையாக ஓடுகிறவர்கள் தகடு கூட்டக் கூடாது. முதுகு உடையும், பின்சில்லு துள்ளும். பிறகு சில்லுச் சீர்மை பார்த்தோம். அன்றிலிருந்து றப்பர் உறை கிழியவில்லை. நாற்பது மில்லிமீற்றர் போதுமா என்று கேட்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் வண்டியின் வயிறு இடிக்கிற இடம் எனக்கு இதுவரை ஒன்றிரண்டுதான் வந்திருக்கிறது. நான் நின்றுபோன இடமெல்லாம் சில்லு தாழ்ந்துதான் நின்றேன்.

அதனால் ரயரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் வாங்கியது பெரிய பல்லுள்ள சேற்று ரயர், 265/75 ஆர் 16. கடைக்காரர் "இதைப் போட்டா எங்கையும் ஏறும்" என்றார். சேற்றில் ஏறும், உண்மை. மணலில் அந்தப் பல் மண்வெட்டி மாதிரி வேலை செய்யும். மணலில் நாங்கள் மேலே மிதந்து போக வேண்டும், தோண்டக் கூடாது. பழைய 265/70 ரயரோடு பார்த்தால் இந்த அளவின் விட்டம் 26 மில்லிமீற்றர்தான் அதிகம். அச்சு உயர்வது அதில் பாதி, 13 மில்லிமீற்றர். ஒரு விரல் மொத்தம்கூட இல்லாத இந்த உயரத்துக்காக எஞ்சினுக்குப் பாரமும், தாரில் இரைச்சலும், டீசல் செலவும். 2022 இல் கியூஆர் அட்டையோடு டீசலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கடைசிச் சொல்லின் பெறுமதி தெரியும். வேகமானியும் பிழையாகக் காட்டும்: அது நூறு காட்டும்போது உண்மையில் நூற்றுமூன்றுக்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். இப்போது போட்டிருப்பது பழைய 265/70 அளவில், தாருக்கும் மணலுக்கும் பொதுவான ஏ/ரி (ஓல் ரெறெயின்) ரயர். பக்கச் சுவர் தடித்ததாகப் பார்த்து எடுத்தேன், ஏனென்றால் காற்றை இறக்கும்போது அடிபடுவது பக்கச் சுவர்தான்.

கட்டைக்காட்டிலிருந்து வந்த கிழமையே வீட்டு முற்றத்தில் ஒரு பரிசோதனை செய்தேன். சீமெந்துத் தரையில் அடுப்புச் சாம்பலைத் தூவி, முன்சில்லை ஜக்கில் தூக்கி, 35 இறாத்தல் காற்றோடு சாம்பலில் இறக்கினேன். மறுபடி தூக்கிப் பார்த்தால் பதிந்த தடத்தின் நீளம் ஏழு அங்குலம். காற்றை 16 ஆக்கி, பக்கத்தில் புதுச் சாம்பலில் இறக்கினேன். பத்தரை அங்குலம். அகலம் கொஞ்சம்தான் கூடியது, நீளம்தான் கூடுகிறது. வண்டியின் பாரம் மாறவில்லை. அதைத் தாங்குகிற நிலத்தின் அளவு அரைவாசி கூடிவிட்டது. மூத்தவன் அந்த இரண்டு தடத்தையும் கொப்பியில் வரைந்து வைத்திருக்கிறான். எந்த வீடியோவும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

இப்போது என் கணக்கு இது. தாரில் முன்னுக்கு 33, சுமையோடு பின்னுக்கு 38. மணற்காடு, குடத்தனைப் பக்கத்து மணல் பாதைகளில் 18. கட்டைக்காட்டுக்கு அங்கால், சோளகக் காலத்து உலர்ந்த மணலில் 15. புதைந்துவிட்டால் 12 வரை இறக்கி வெளியே வந்ததும் உடனே ஏற்றிவிடுவேன். 18க்குக் கீழே போனால் முப்பது கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டுவதில்லை, ஸ்ரேறிங்கைச் சட்டென்று உடைப்பதுமில்லை. றிம்மிலிருந்து ரயரின் உதடு கழன்றுவிடும். வாடைக் காலத்தில் மழை குடித்த மணல் இறுகியிருக்கும், 22 போதும். காலையில் பனி ஈரம் இருக்கும்போது போன அதே இடத்தில் மதியம் திரும்பி வர முடியாமல் போவதும் உண்டு. அதனால் போகிற நேரத்தில் திரும்பி வருகிற நேரத்தையும் யோசியுங்கள்.

தாருக்கு வந்தவுடன் காற்றை ஏற்றாமல் ஓடவே கூடாது. காற்றுக் குறைந்த ரயர் தாரில் வேகமாக ஓடினால் பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். இதற்குத்தான் சொந்தமாக ஒரு கொம்பிறெசர் வேண்டும். சிகரெட் லைற்றர் துவாரத்தில் செருகுகிற சின்னது ஒன்று முதலில் வாங்கினேன்; இரண்டாவது ரயரோடு சூடேறி நின்றது. இப்போதுள்ளது பற்றரியில் நேரே கவ்விப் பிடிக்கிறது, நான்கு ரயரையும் இருபத்தைந்து நிமிடத்தில் நிரப்பும். எஞ்சினை ஓடவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். ஒரு நல்ல அளவுமானியும் இந்தக் கொம்பிறெசரும் சேர்ந்து, நான் முதலில் உயர்த்தலுக்குக் கொடுத்த காசில் பத்தில் ஒன்றுகூட வரவில்லை.

ஓட்டுகிற விதத்தில் பழகிக்கொண்டவை கொஞ்சம். மணலுக்கு முன்பே எச்4 (நான்கு சில்லும் இழுக்கிற, வேகமான பல்லு) போடுவேன். நின்ற பிறகு போட்டுப் பிரயோசனமில்லை. தாரில் நான்கு சில்லுப் பூட்டோடு ஓடுவதில்லை, இந்த வகை வண்டிகளில் முன் பின் அச்சு முறுக்கிக்கொள்ளும். தெரியாத இடத்தில் முதலில் இறங்கி நடந்து பார்ப்பேன். குதிக்கால் புதைந்தால் ரயரும் புதையும். நிறுத்துவதென்றால் பிரேக் பிடிக்காமல் தானாக நிற்கவிடுவேன், அதுவும் சரிவில், மூக்குக் கீழ்நோக்கி. சில்லு ஒருமுறை சும்மா சுற்றினால் உடனே காலை எடுத்துவிட வேண்டும். அந்த முதல் சுற்றில் காலை எடுத்தால் ஐந்து நிமிட வேலை, எடுக்காவிட்டால் ஒரு மணித்தியாலம் தோண்ட வேண்டும்.

களப்புக் கரை இதைவிட மோசமானது. தொண்டைமானாற்று ஏரியோரத் தரவையும், பூநகரிப் பக்கத்து உவர் வெளியும் மேலே காய்ந்து, வெடித்து, சீமெந்துத் தரை போல இருக்கும். ஒரு சாண் கீழே கறுத்த களி. காற்றை இறக்கினாலும் அங்கே உதவி குறைவு. மேலோடு உடைந்தால் வண்டி வயிறு வரைக்கும் போகும். மாட்டுக் குளம்படி ஆழமாகப் பதிந்திருந்தால் நான் அந்தப் பக்கம் திருப்புவதேயில்லை.

அடுத்து, இழுத்தெடுக்கிற வேலை. இதில் பிழைவிட்டால் ஆள் போய்விடும் என்பதால் நெஞ்சோடு சொல்கிறேன். இழுவைப் பெட்டி கொழுவுகிற உருண்டைக் குண்டில் ஒருபோதும் கயிறு போட்டு இழுக்காதீர்கள். புதைந்த வண்டியை எடுக்கிற விசையில் அது முறிந்தால் பீரங்கிக் குண்டு மாதிரி வரும். முன் பம்பருக்குக் கீழே இருக்கிற மெல்லிய வளையங்களும், கப்பலில் வண்டியைக் கட்டி வைப்பதற்கானவை. நான் லேத்தில் இரண்டு தடித்த தகடுகள் வெட்டுவித்து, சசியில் ஏற்கெனவே உள்ள துளைகளில், தலையில் 8.8 என்று குத்திய போல்ட்டுகளால் பூட்டினேன். வெல்டிங் செய்யவில்லை, சசியைச் சூடாக்க அண்ணை விடவில்லை. அதற்கு 4.75 தொன் என்று முத்திரை உள்ள வில்லுச் சக்கிள் (கயிறு கொழுவுகிற, ஆணி போட்ட இரும்பு வளையம்) இரண்டு வைத்திருக்கிறேன். கயிறு என்றால் வள்ளத்துக்குக் கட்டுகிற மிதக்கிற பச்சைக் கயிறு வேண்டாம், வெயிலில் கிடந்து உக்கியிருக்கும், பார்த்தால் தெரியாது. வண்டி இழுப்பதற்கென்றே வருகிற, நீண்டு கொடுக்கிற நைலோன் பட்டி ஒன்று வாங்கினேன். இழுக்கும்போது அதன் நடுவில் ஈரச் சாக்கொன்றைப் போடுவோம், அறுந்தாலும் பறக்காமல் விழும். பிள்ளைகள் கயிற்றின் நீளத்தில் ஒன்றரை மடங்கு தள்ளித்தான் நிற்க வேண்டும்.

சில்லுக்கு முன்னால் போட விற்கிற பிளாஸ்ரிக் பலகைகள் நல்லவை; விலைதான் உதைக்கும். நான் இரண்டு வருடமாக நான்கு சாக்கும் தென்னோலையும்தான் பாவிக்கிறேன். பனைமட்டை எங்கும் கிடக்கிறதே என்று ஒருமுறை எடுத்தேன்; கருக்கைக் கண்டு மச்சான் தடுத்தான். பதினைந்து இறாத்தலில் பக்கச் சுவர் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், கருக்கு அதை வாள் மாதிரி அறுக்கும். ஜக்குக்குக் கீழே போட இரண்டடிப் பனம்பலகை ஒன்று எப்போதும் பெட்டியில் கிடக்கும். அது இல்லாமல் மணலில் எந்த ஜக்கும் வண்டியைத் தூக்காது, தான்தான் இறங்கும்.

வின்ச் (வண்டியின் முன்னால் பூட்டி, கயிற்றைச் சுற்றி இழுக்கிற கருவி) வாங்கவில்லை. மணற்திட்டியில் எதில் கொழுவுவது? பாரமான இரும்புப் பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் முன்னச்சில் ஒரு பெரிய ஆளை ஏற்றிக்கொண்டு திரிவதற்குச் சமம், மணலில் அதுவே வண்டியைத் தாழ்த்தும். வன்னிக் காட்டுப் பாதைகளில் மழைக்காலத்தில் தனியாக ஓடுகிறவருக்கு அது வேண்டியிருக்கலாம். கூரைக்கு மேல் சட்டம், கூடாரம் எல்லாமே இந்தக் கணக்குத்தான்: மேலே ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் சரிவில் வண்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். கூரை லைற் வரிசை ஒன்று போட்டிருந்தேன், அதையும் கழற்றிவிட்டேன். வீதியில் பொலிஸ் மறிப்பது ஒன்று. எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண் இன்னொன்று. எஞ்சின், நிறம் போலப் பதிவுப் புத்தகத்தில் உள்ளவற்றை மாற்றுகிறவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விடாதீர்கள். காப்புறுதிக்காரருக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

சின்ன வேலையொன்று, ஆனால் அதைச் செய்யாததால் எனக்கு ஒரு டிபறன்சல் போகப் பார்த்தது. மாரியில் ஏ32 வீதியால் ஒரே ஓட்டமாக வந்து, பூநகரியில் ஒரு வயல் வாய்க்காலுக்குள் இறக்கினேன். தண்ணீர் சில்லின் குடம் வரைக்கும்தான். இரண்டு கிழமை கழித்துப் பின்னுக்கு ஒரு முனகல் சத்தம். அண்ணை வடிகால் ஆணியைக் கழற்ற, கறுப்பாக வர வேண்டிய எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. சூடான அச்சுக் குழாய் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே இருக்கிற காற்றுச் சுருங்கி, மூச்சுத் துவாரத்தாலும் சீல் விளிம்பாலும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. இப்போது அந்த மூச்சுத் துவாரத்தில் எண்ணெய் தாங்குகிற றப்பர் குழாய் ஒன்றைக் கொழுவி, பின்லைற்றுக்குப் பின்னால் உயரத்தில் கட்டிவிட்டிருக்கிறோம். சில நூறு ரூபாய் வேலை. வாய்க்காலுக்கு முன் பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிடுவதும் பழக்கமாகிவிட்டது. எஞ்சின் காற்றை உயரத்திலிருந்து எடுக்கிற குழாயான ஸ்நோக்கல் பிறகு போட்டேன், முக்கியமாகத் தூசிக்கு. கிரவல் வீதியில் லொறிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு வடிகட்டியின் ஆயுள் கூடும். அது இருக்கிறது என்பதற்காக வெள்ளத்துக்குள் இறங்குவதில்லை.

எங்கள் மாகாணத்தில் "பாதையை விட்டு இறங்குவது" என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. முகமாலை, கிளாலி, நாகர்கோவில் என்று முன்னரங்கக் காவல் வரிசைகள் இருந்த நிலமெல்லாம் கண்ணிவெடி விதைத்த நிலம். போர் முடிந்தது 2009 இல். அதற்குப் பின்னும் ஆண்டுக்கணக்காக, எங்கள் சகோதரிகள் பலர் உட்பட, முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி எடுத்திருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் மண் அரித்து, புதைந்தது மேலே வரும், இடமும் மாறும். ஆகவே எனக்கு ஒரே விதி: ஊர்ச் சனம் இன்றைக்கும் பாவிக்கிற தடத்தை விட்டு ஒரு சில்லும் வெளியே போகாது. உழவு இயந்திரத் தடமும் மாட்டுவண்டித் தடமும் இருக்கிற இடத்தில்தான் நான் இறங்குவேன். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ, வெட்டை வெளியில் வரிசையாக நட்ட குறித்தடிகளோ தெரிந்தால், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் வந்த தடத்தில் திரும்புவேன். அந்த இடங்களில் பிள்ளைகளை மரமறைவுக்குக்கூட இறங்கவிடுவதில்லை.

சுண்டிக்குளம் 1938 இலிருந்து பறவைகள் சரணாலயம், 2015 இலிருந்து தேசியப் பூங்கா. உள்ளே போவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மணற்காட்டிலும் பழைய அந்தோனியார் கோவில் மணலில் புதைந்து நிற்கிற பக்கம், திட்டியில் ஏறி விளையாட வேண்டாம். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் பிடித்து வைத்திருக்கிற மணல் அது. ஒருமுறை சில்லு ஏறி வேர் அறுந்தால் அடுத்த சோளகத்துக்கு அந்த மணல் ஆட்களின் வீட்டு முற்றத்தில் நிற்கும்.

உப்பு. இதைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் என் வண்டியை உண்மையில் தின்னப் பார்த்தது இதுதான். கடலோரம் போய் வந்து கூட்டை மட்டும் கழுவி மினுக்கினால் போதாது. சசி என்பது உள்ளே வெறுமையான இரும்புப் பெட்டி. அதன் அடியில் விரல் நுழைகிற துளைகள் இருக்கும். ஒருநாள் பின்சில்லுக்கு முன்னால் இருக்கிற துளைக்குள் ஸ்குறூடிறைவரை விட்டுக் கிண்டினேன். ஈர மணல் கொட்டத் தொடங்கியது. கையிலெடுத்து நாக்கில் வைத்தால் உப்பு. எத்தனை மாதம் அது உள்ளே ஈரமாகக் கிடந்ததோ! நல்லகாலம், தட்டிப் பார்த்தபோது இரும்பு இன்னும் கணகணவென்று ஒலித்தது.

அன்று தொடங்கிய ஒழுங்கு இது: கடற்கரை போய் வந்த அன்றைக்கே, இரவானாலும், வீட்டுப் பம்மைப் போட்டு, நுனி வளைத்த மெல்லிய குழாயை அந்தத் துளைகளுக்குள் விட்டு, வெளியே வருகிற தண்ணீர் தெளிவாகும்வரை கழுவுவது. கழுவுகிற தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் பாதிக் கிணறுகள் உவர். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. நான் பெரியம்மாவின் நல்ல தண்ணீர்க் கிணற்றடிக்குத்தான் கொண்டுபோவேன், கழிவு வாழைப் பாத்திக்குள் போகாமல் ஒழுங்கைப் பக்கம் வாய்க்கால் வெட்டிவிட்டு. ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனி வெயிலில் சசி நன்றாகக் காய்ந்தபின், உள்ளே மெழுகு வகைப் பூச்சு அடிப்போம். சிலர் பழைய எஞ்சின் எண்ணெய் அடிக்கிறார்கள். அது மழையில் வடிந்து இறங்குவது நாங்கள் குடிக்கிற கிணற்றுக்குத்தான். சுண்ணாம்புக்கல் நிலத்தில் வடிகட்டி என்று ஒன்றில்லை.

போன கிழமை பின் பிரேக் குடத்தைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே அரைச் சிரட்டை மணல், குடத்தில் உரசிப் பிடிக்கிற பிரேக் சூவின் மேல் கண்ணாடி மாதிரி மினுக்கம், குடத்தின் உட்சுவரில் நகம் தடக்குகிற அளவுக்கு ஒரு கோடு. குடத்தை லேத்தில் கொஞ்சம் சீவலாம் என்கிறார் அண்ணை. சூ புதிதாகப் போட வேண்டும். ஐப்பசி மழை தொடங்க முன் செய்துவிட வேண்டும், வருகிற வியாழக்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.